மூச்சு வேறு, சுவாசம் வேறு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விடிகாலை வந்திறங்கும் மல்லிகை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். லேசாகச் சூடு தெரியும். வெயிலே ஏறவில்லை, பின்னே சூடு ஏது?

பறித்த மொட்டும் சுவாசிக்கிறது. செல்லுக்குள் சர்க்கரை ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்து சக்தி தருகிறது; கூடவே வெப்பம், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. மொட்டுக்கு நுரையீரல் கிடையாது, மூச்சுவிடாது. நெஞ்சு ஏறி இறங்கிக் காற்றை இழுத்துவிடுவது மூச்சு. செல்லுக்குள் நடப்பது சுவாசம். பாடப்புத்தகம் இப்படித்தான் பிரிக்கிறது. வடமொழியில் சுவாசம் என்றாலே மூச்சுதான்; பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்!

வெளியூர் போகும் பூவுக்கு ஐஸ் வைப்பது அந்தச் சுவாசத்தை மட்டுப்படுத்தத்தான். குளிர்ந்தால் சர்க்கரை மெதுவாகத் தீரும். மொட்டும் மெதுவாக விரியும்.