நோன்பும் சர்க்கரையும்

விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் நம்மில் பலர் இஃப்தார் வரை பார்ப்பதில்லை.

இன்சுலின் போடுவோருக்குப் பெரும்பாலும் அஸருக்குப் பிறகுதான் சர்க்கரை இறங்கும். கைநடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் பசி மயக்கம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள். 70க்குக் கீழே போனால், மஃரிபுக்குப் பத்தே நிமிடம் இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

300ஐத் தாண்டினாலும் விட வேண்டியதுதான். நோயாளி வேறு நாளில் நோற்கலாம் என்பது அல்லாஹ் தந்த சலுகை. வேண்டாமென்று சொல்ல நாம் யார்? மருந்தளவை ஷஅபானிலேயே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.