தட்டில் ஒதுங்கும் மஞ்சள் கரு

 

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உணவறிவு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு மேடையில் இதைப் பேசுகிறவன், முதலில் சோறு போட்டவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரத் தீர்மானித்தது. 1956-ல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கலைஞர் தட்டில் முட்டையை வைத்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆட்சிகள் மாறின, உலை இறங்கவில்லை. இந்தியாவுக்கே நாம் காட்டிய வழி இது.

சரி, சோறு போட்டாயிற்று. அந்தச் சோற்றைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்?

ஏதாவது ஒரு பள்ளியின் வராண்டாவில், மணியடித்துப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்த பிறகு, ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் முட்டையைப் பிட்டு, வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவான். பக்கத்தில் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, தக்காளித் தோல் எல்லாம் வரிசை கட்டியிருக்கும். ஏன்டா தம்பி என்று கேட்டால், "நாத்தமடிக்குது சார்" என்பான். முட்டையில் உள்ள வைட்டமின் ஏ, டி இரண்டும் அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன, வெள்ளையில் இல்லை. கண்ணுக்கும் எலும்புக்கும் ஆக வேண்டியது கை கழுவும் இடத்துக்குப் போகிறது. அதே பையன் தேர்வில் 'முட்டையில் உள்ள சத்து எது?' என்ற கேள்விக்குப் 'புரதம்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். விடைத்தாளில் தேறிவிட்டான், தட்டில் தோற்றுவிட்டான். பாடமும் சாப்பாடும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

இது சின்ன விஷயமா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று கண்டது. அந்தப் பிள்ளைகள்தாம் ஒன்றாம் வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். பாடம் ஏறவில்லை, தூங்கி விழுகிறான் என்று ஆசிரியர் குறைப்படும் பிள்ளைக்கு, ஒருவேளை இரும்புச்சத்துதான் போதாமல் இருக்கும். அரசு வாரம் ஓர் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை தருகிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் தருகிறது. எதற்கு இந்த மாத்திரை என்று தெரிந்த பிள்ளை விழுங்கும். தெரியாத பிள்ளை ஜன்னல் வழியாக எறியும்.

கீரையில் இரும்பு இருக்கிறது என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். கீரைச் சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உடம்பு அந்த இரும்பை நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? நன்றாகப் புரியும். வீட்டுக்குப் போய் அப்பாவின் டீ கிளாஸையே பிடித்து நிறுத்தும்!

இப்போது பள்ளிக்கு வெளியே வருவோம். வாசல் கடையில் பத்து ரூபாய்ப் பொட்டலச் சரம் தொங்குகிறது. முன்பக்கம் புலி சிரிக்கிறது, பொம்மை இலவசம் என்கிறது. பின்பக்கத்தில்தான் சேதி இருக்கிறது, எறும்பு எழுத்தில். சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ, அதுதான் எடையில் அதிகம். இது சட்டம். பிஸ்கட் பொட்டலத்தில் மைதாவுக்கு அடுத்தபடி சர்க்கரை நின்றால், பிள்ளை எதைத் தின்கிறது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப் என்று வேறு வேடத்தில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். 200 மில்லி குளிர்பானம். 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் எவ்வளவு? 22 கிராம், ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் இப்படிச் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த 5 விழுக்காடு சுமார் 21 கிராம். ஒரே ஒரு பாட்டிலில் அன்றைய அளவு தாண்டிவிட்டது! ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும் இதற்கு.

ஏழைப் பிள்ளைக்கு லேபிள் படிக்கச் சொல்லித் தருவதா என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: பத்து ரூபாய்ப் பொட்டலம் யாரைக் குறிவைத்து அடைக்கப்படுகிறது? விடிவதற்கு முன் வேலைக்கு ஓடுகிற தாய், பிள்ளையின் கையில் திணித்துவிட்டுப் போகும் அந்தப் பத்து ரூபாயைக் குறிவைத்துத்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காசுக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கலாம், ஒரு கொய்யா வாங்கலாம் என்று தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம் என்றுதான் சொல்கிறேன்.

ஜப்பானைப் பாருங்கள். 2005-ல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் போட்டார்கள். அங்கே பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், பிள்ளைகளே துடைத்து வைக்கிறார்கள். மதிய உணவு நேரமும் அங்கே பாடவேளைதான். நம்மிடம் அடுப்பு இருக்கிறது, முட்டை இருக்கிறது, பரிமாறக் கைகள் இருக்கின்றன. பேச்சு மட்டும்தான் குறைகிறது.

எனவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவை முன் வைக்கிறேன். தலைமை ஆசிரியர்களே, வாரம் ஒரு நாள் பரிமாறும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்று சாம்பாரில் என்ன போட்டோம், ஏன் போட்டோம் என்று சமையல் செய்த அம்மாவே சொல்லட்டும். அவரையும் ஆசிரியர் என்று பிள்ளைகள் அறியட்டும். பெற்றோர்களே, பிறந்தநாளுக்குச் சாக்லேட் டப்பாவை அனுப்பாதீர்கள். கடலை மிட்டாயோ வாழைப்பழமோ கொடுத்தனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவினரே, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை முதல் பொருளாக எடுங்கள். கடைக்காரர் நம்மூர்க்காரர், பொரிகடலை, வேர்க்கடலை, பழம் என்று அவர் பிழைப்புக்கும் வழி சொல்லிவிட்டே எடுங்கள்.

வயிறு நிறைக்க நூறாண்டு உழைத்த நாடு இது. தின்பது இன்னதென்று பிள்ளைக்குச் சொல்லித்தர இன்னொரு நூறாண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிற திங்கட்கிழமை மதிய மணி அடிக்கும்போதே தொடங்குங்கள்.