இடையிலுள்ள 3 ஆண்டுகள்

 

இதய மருத்துவராக எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டுகள், எம்.டி. பொது மருத்துவம் 3, டி.எம். 3 ஆண்டுகள் படிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நீட் தேர்வு வேறு. இடையிலுள்ள எம்.டி.யில்தான் நம் பிள்ளைகள் பலர் சோர்கிறார்கள். "இதயம் படிக்க வந்தவனுக்குக் காய்ச்சல் வார்டில் என்ன வேலை?" என்கிறார்கள்.

ஸர்ஃபும் நஹ்வும் ஓதாமல் ஹதீஸ் கிதாபைத் திறக்க முடியுமா? நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கலாம். அதைக் கண்டறியும் பயிற்சி அந்த வார்டில்தான் கிடைக்கிறது.

பெற்றோர்களே, "படித்தது போதும், கிளினிக் வை" என்று அவசரப்படுத்தாதீர்கள். எம்.பி.பி.எஸ்.ஸோடு கடமை முடிந்ததென்று நாமும் ஒதுங்க வேண்டாம். ஸபுரோடு துணை நிற்போம், இன்ஷா அல்லாஹ்.