சம்மனைக் கண்டு ஓட வேண்டாம்!

(ஓமலூர் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருக்குப் போலீஸ் ஸ்டேஷன் தெரியும். சிவில் கோர்ட்டு தெரியாது. அமீனா வாசலில் நின்ற பிறகுதான் வழக்கு நடந்ததே தெரிகிறது.

தாரமங்கலம் பக்கத்துத் தறித் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்தார். லேவாதேவிக்காரன் வழக்குப் போட்டிருந்தான். கையெழுத்திட்டால் ஜெயில் என்று பயந்து, சம்மனை வாங்க மறுத்துவிட்டார். அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதையே சார்பானதாகக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. வாய்தாவில் ஆளில்லை, எக்ஸ்பார்ட்டி டிக்கிரியானது. கடனில் பாதிக்குமேல் அவர் கட்டியிருந்தார். அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை!

எட்டுவழிச் சாலைக்கு எதிராக நமது ஜில்லா விவசாயிகள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 8-ல் வென்றார்கள். 2020 டிசம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. அது சர்க்காரை எதிர்த்த ரிட் மனு. கடன், வரப்பு, பாகப்பிரிவினைத் தகராறுகளோ சிவில் வழக்குகள்.

இவை எப்படித் தொடங்குகின்றன? 1908-ம் வருஷச் சிவில் நடைமுறைச் சட்டப்படி, வாதி பிராது கொடுப்பதே ஆரம்பம். யார் மீது வழக்கு, என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன பரிகாரம் வேண்டும் என்று அதில் எழுதி, கோர்ட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். பிறகே பிரதிவாதிக்குச் சம்மன். சம்மன் தண்டனையல்ல; உமது பதிலைச் சொல்லும் என்ற அழைப்பு. 30 நாளில் எழுத்து மூலம் பதில் தரவேண்டும்; கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை தரலாம். எக்ஸ்பார்ட்டி டிக்கிரியை ரத்துச் செய்யக் கேட்கவும் 30 நாளே கெடு. நம் தறித் தொழிலாளி அதையும் தவறவிட்டார். தாமதத்துக்கு ஒரு மனு, அதற்குத் தனிச் செலவு!

புரோநோட்டுக் கடனுக்கு 3 வருஷம் கெடு. அது முடியுமுன், "பின்பக்கம் சும்மா ஒரு கையெழுத்து" என்று கேட்டு வருவார்கள். அந்தக் கையெழுத்து கெடுவைப் புதுப்பித்துவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

டிக்கிரியானாலும் எல்லாவற்றையும் பறிக்க முடியாது. அதே சட்டத்தின் 60-வது பிரிவு, உழைப்பாளியின் கூலி, கைவினைஞரின் கருவி, விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய ஏர், மாடு, விதைத் தானியம், விவசாயியும் உழைப்பாளியும் குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றை ஜப்தியிலிருந்து காக்கிறது. அடமானம் வைத்த வீட்டின் கதை வேறு.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடக் கட்டணம் கட்ட வழியில்லாதவர், அதை விளக்கித் தனி மனுக் கொடுக்கலாம்.

இந்தச் சட்டங்கள் நமக்காகத் தாமே பேசா. நாம்தான் போய் நின்று பேசவைக்க வேண்டும். ஆகவே தோழர்களே, சம்மன் வந்தால் வாங்குங்கள். வாய்தா தேதியைப் பாருங்கள். அன்றே சங்கத்துக்கு வாருங்கள். ஒருவராக ஒளிய வேண்டாம். சேர்ந்தே கோர்ட்டுப் படி ஏறுவோம்!