இரத்தம் சிந்தாத பலி
(பாலையூற்றில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



பலி என்றதும் நமக்கு முனியாண்டிக்கு வெட்டும் கிடாய்தான் ஞாபகம் வரும். “பூசையில கத்தியுமில்லை, இரத்தமுமில்லை, பிறகேன் திருப்பலி என்கிறோம்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கல்வாரியில் இயேசு ஒரே தரம் இரத்தம் சிந்தினார். இன்னொரு தரம் சிந்தத் தேவையில்லை. அதே பலிதான் பீடத்தில் அப்ப, இரச வடிவில், இரத்தமின்றி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. 1562இல் திரெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாகப் போதித்தது.

இதில் நம் பங்கு என்ன? குருவானவர் இரசத்தில் கொஞ்சம் தண்ணீர் கலக்கிறாரே, அந்தத் தண்ணீர் நாம்தான். அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்த நம் வியர்வையும் அதில் சேருகிறது.

ஆனால் பக்கத்துக் காம்பராவோடு பேச்சில்லாமல் காணிக்கை வைக்கலாமா? முதலில் சமாதானம், பிறகுதான் காணிக்கை என்றார் ஆண்டவர். கோபத்தை விடுவதும் இரத்தம் சிந்தாத பலிதான். லயத்துக்குப் போனதும் அந்தக் கதவைத் தட்டுவோம்.