மாப்பிள்ளை விசாரிப்பும் ஒழுக்கவியலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒழுக்கவியல் என்னும் துறையை அறிமுகம் செய்யுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கல்லூரிக்குரிய பொருளாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். நம் பள்ளிவாசலுக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றே அதற்குப் போதும். "உங்கள் மஹல்லாவில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம்; பையன் எப்படி?" என்று வெளியூரார் விசாரிக்கிறார்கள். பையனின் குறை நமக்குத் தெரியும். என்ன சொல்வது?

பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் (1724–1804) கடமையை முன்வைத்தார். விளைவைக் கொண்டன்று, எந்த நெறியின்பாற்பட்டுச் செய்தோம் என்பதைக் கொண்டே செயலை எடைபோட வேண்டும் என்றார். (நிய்யத்தை நினைத்து அவரை நம்மவராக்கிவிட வேண்டாம்!) இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் (1748–1832) விளைவையே அளவுகோலாக்கினார், தொடர்புடைய அனைவருக்கும் இன்பத்தைப் பெருக்கித் துன்பத்தைக் குறைப்பதே நற்செயல் என்றார். அவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுகள் முந்திய அரிஸ்டாட்டிலோ மனிதனின் பண்பை நோக்கினார். அவ்வழியில் மிஸ்கவைஹ் (மறைவு 1030) அரபியில் 'தஹ்தீபுல் அக்லாக்' நூலை இயற்றினார்.

இக்கொள்கைகள் மோதும் இடம் ஒன்றுண்டு. கொலைகாரனுக்கு அஞ்சி ஒருவர் நம் வீட்டில் ஒளிந்திருக்கிறார். "உள்ளே இருக்கிறாரா?" என்று அவன் வாசலில் நின்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? கூடாது என்று காண்ட் 1797இல் எழுதினார். நண்பர் நாமறியாமல் வெளியேறியிருக்க, நம் பொய்யை நம்பி வெளியே சென்ற கொலைகாரன் அவரை அங்கே கண்டுவிட்டால், அப்பழி நம்மையே சாரும் என்பது அவர் வாதம்.

அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் முன்னரே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதையொத்த நிலையை ஆராய்ந்துள்ளார்கள். அநீதியாளனிடமிருந்து மறைந்திருப்பவரின் உயிரைக் காக்க வேறு வழியில்லையெனில் பொய்யே கடமையாகும் என்றார்கள். பேச்சு ஒரு சாதனம். உண்மையாலும் நன்னோக்கம் நிறைவேறுமாயின் பொய் ஹராம். ஆயினும் பெந்தாமின் கணக்கோடு இமாம் அவர்கள் நின்றுவிடவில்லை. மக்கள் பெரும்பாலும் பொய்யுரைப்பது தம் செல்வத்திற்காகவும் மதிப்பிற்காகவுமே என்று எச்சரித்தார்கள். அதாவது, கணக்குப் போடும் கையையும் சோதிக்கச் சொன்னார்கள்.

அந்த இடத்தைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் மாப்பிள்ளை விசாரிக்க வந்தார். பையனின் குடிப்பழக்கத்தை நான் அறிவேன். "நல்ல குடும்பம்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யன்று, காண்ட் குறை காண மாட்டார் என்றுகூடத் தேறிக்கொள்ளலாம். புறம் பேசவில்லை என்றும் என்னைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில், தினமும் என்னருகே தொழுகைக்கு நிற்கும் பையனின் தந்தையுடைய முகத்தை எண்ணியே அஞ்சினேன். இரண்டு ஆண்டுகளில் அப்பெண் கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பினாள்.

திருமணத்திற்காக ஆலோசனை கேட்கப்பட்டவர், நலம் நாடும் எண்ணத்தோடு தாம் அறிந்ததைச் சொல்வது தடுக்கப்பட்ட புறமாகாது என்பதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். "இவர் உமக்குப் பொருத்தமில்லை" என்ற அளவிலேயே கேட்டவர் விலகிக்கொள்வார் எனில் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது போதாதெனில் குறையை வெளிப்படையாகக் கூறலாம்.

சென்ற ஆண்டு வேறொருவர் வந்து விசாரித்தார். முதல் அளவோடு நிறுத்தினேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, ஸலாம் கூறி எழுந்து சென்றார்.