பிக்கப் வண்டியை உயர்த்தலாமா?



மாட்டு வண்டி போன பாதையில் எல்லாம் இன்று பிக்கப் வண்டி போகிறது. தக்காளிப் பெட்டி, வாழைத்தார், உர மூட்டை எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. மழைக்காலம் வந்தால் பாதையின் நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கிறது. வாய்க்காலைத் தாண்டும்போது தட்டுகிறது. "பெரிய டயர் போட்டு, ஸ்பிரிங் பட்டையும் ஒன்று கூட்டி வண்டியைத் தூக்கிவிட்டால் என்ன சார்?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதன் லாப நஷ்டக் கணக்கை இன்று பார்ப்போம்.

முதலில் டயரை எடுத்துக் கொள்வோம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று போட்டிருந்தால், 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்க உயரம் என்று பொருள். 15 என்பது ரிம்மின் அங்குல அளவு. இந்த டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 704 மி.மீ. இதை எடுத்துவிட்டு 235/75 ஆர் 15 போட்டால் 734 மி.மீ. ஆகும். 30 மி.மீ. கூடிவிட்டதே என்று நினைக்கலாம். ஆனால் அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். ஆகவே வண்டி உயர்வது பாதிதான், அதாவது 15 மி.மீ. ஒரு விரல் கனம்!

இந்த விரல் கனத்திற்கு நாம் கொடுப்பது என்ன? சக்கரத்தின் எடை கூடும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

டயர் வாங்கும்போது இன்னொரு எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 106 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 98 என்று இருந்தால் 750 கிலோதான். பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது என்று கார் டயரை மாட்டிப் பாரம் ஏற்றினால், வெயில் நேரத்தில் சூடேறி வெடிக்கும்.

இரண்டாவது, ஸ்பிரிங். பட்டை கூட்டினால் பின்பக்கம் உயரும், உண்மைதான். ஆனால் அச்சும் பிரேக்கும் பழைய பலத்தில்தான் இருக்கும். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு பிரேக் வால்வு உண்டு. பாரத்தால் வண்டி தாழ்ந்தால், அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். நாம் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டால், முழுப் பாரம் இருக்கும்போதும் பாரம் குறைவு என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

விளைபொருளுக்கும் நஷ்டம் உண்டு. ஸ்பிரிங் விறைப்பானால் குலுக்கல் முழுவதும் சரக்குக்குப் போகும். தோட்டத்தில் பழுதில்லாமல் பறித்த தக்காளி மண்டியில் நசுங்கி இறங்கும்.

எல்லாவற்றிலும் பெரியது, வண்டி கவிழும் ஆபத்து. வைக்கோலோ வாழைத்தாரோ உயர அடுக்கிய வண்டியை மேலும் உயர்த்தினால், வரப்போரத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே சாய்ந்துவிடும். பாரத்தின் மேல் கூலியாட்களை உட்கார வைத்திருந்தால் என்ன ஆகும்? சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றுவதே கூடாது. போனது உயிர் என்றால் எந்த மகசூல் அதை ஈடுகட்டும்?

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது?

ஒன்று: வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை களைத்தோ ஒடிந்தோ இருக்கும். அதே அளவுப் பட்டையை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும்.

இரண்டு: காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். கதவோரம் எழுதியிருக்கும் அளவே சரியான அளவு.

மூன்று: டயர் பூ 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். வேறு அளவு வேண்டுமென்றால், உங்கள் வண்டி ரகத்திற்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள் தேர்ந்தெடுங்கள்.

நான்கு: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைத் தாண்டாதீர்கள். 2019-இல் திருத்திய சட்டப்படி அதிகப் பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இரண்டு நடை போவது இதைவிட மலிவு.

ஐந்து: பாதையைச் சரிசெய்யுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து நடுமேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, வாய்க்காலுக்கு ஒரு குழாய்ப் பாலம் வைத்தால், எல்லோர் வண்டியும் இடிக்காமல் போகும். ஈர வயலுக்குள் வண்டியை இறக்காதீர்கள், மண் இறுகிவிடும். சரக்கைப் பாதையோரம் கொண்டு வந்து ஏற்றுங்கள்.

சாண் ஏற முழம் சறுக்கின கதையாக ஆகிவிடக் கூடாது. வண்டியைத் தூக்கும் பணத்தில் பாதியைப் பாதைக்குச் செலவிடுங்கள். சரக்கும் சேதமில்லாமல் சந்தைக்குப் போகும், போனவரும் நல்லபடியாக வீடு திரும்புவார்.